செத்த காலேஜில் கல் படிப்பு: அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு அருங்காட்சியகத்தில் புவி அறிவியல் தொடங்க ஒரு வழிகாட்டி

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டதே கற்களை வைத்துத்தான். சென்னை இலக்கியக் கழகம் சேர்த்து வைத்திருந்த 1100 நிலவியல் மாதிரிகள்தான் அதன் முதல் கையிருப்பு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பிறந்ததும் அதே ஆண்டில்தான். இன்று அங்கே வருகிற பள்ளிக் கூட்டமோ திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால் நின்று வாயைப் பிளந்துவிட்டு, வெண்கலச் சிலைகளை எட்டிப் பார்த்துவிட்டு, கல் அலமாரிகளை ஓட்டமும் நடையுமாகக் கடந்து போய்விடும். சென்னைப் பெரியவர்கள் அந்த இடத்துக்குச் செல்லமாக வைத்த பெயர் செத்த காலேஜ். கல் கூடத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தம்தான் என்றுகூடத் தோன்றும்.

இந்தக் கட்டுரை, அந்தக் கல் கூடத்துக்குப் பதின்வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போக நினைக்கிற புதியவர்களுக்கு. நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், மாலை நேர வகுப்பு எடுக்கும் தன்னார்வலராக இருக்கலாம், நிலவியல் படிக்கும் கல்லூரி மாணவராக இருக்கலாம். பிள்ளைகள் என்று நான் சொல்வது கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி மறுகுடியமர்வுப் பகுதிகளிலும், வடசென்னையிலும், ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் இருக்கிற எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளை.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ஒரு நாள் சுற்றுலாவாகச் செய்யாதீர்கள். ஒரு நாள் கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டி, குரூப் போட்டோ எடுத்து, பிஸ்கட் கொடுத்து அனுப்பினால் பிள்ளைகளுக்கு பஸ் பயணம்தான் நினைவில் நிற்கும். ஆறு சனிக்கிழமை, ஐந்தே ஐந்து பொருள், கடைசியில் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு வேலை. இவ்வளவுதான் திட்டம். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா இயற்கை அறிவியல் அகாடமி என்ற அருங்காட்சியகம் 1982 முதல் நகரத்து அரசுப் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு இலவசத் திட்டம் நடத்துகிறது. அதன் பலமே பிள்ளைகள் பள்ளிப் பருவம் முடியும்வரை அதே கட்டடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதுதான். நம்மால் ஆண்டுக்கணக்கில் முடியாவிட்டாலும் ஒரு பருவம் முடியும்.

1. யாரைச் சேர்ப்பது

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் பாறை, மண் பற்றிய பாடம் இருக்கிறது. ஒன்பதாவதில் நிலக்கோளம் வருகிறது. அதனால் இந்த இரண்டு வகுப்பும் சரியான இடம். பத்தாவது வேண்டாம், பொதுத்தேர்வு என்று சொல்லி ஜனவரிக்குப் பிறகு யாரையும் அனுப்ப மாட்டார்கள். பதினைந்து பேர் போதும், இருபதைத் தாண்டாதீர்கள். ஒரு கண்ணாடி அலமாரியின் முன்னால் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் நின்று பார்க்க முடியாது என்பதுதான் கணக்கு.

தலைமையாசிரியரிடம் போய் "நல்லாப் படிக்கிற பிள்ளைங்களை அனுப்புங்க சார்" என்று கேட்டால், எல்லாப் போட்டிக்கும் போகிற அதே ஐந்து பேர்தான் வருவார்கள். அவர்களுக்கு வேறு வாய்ப்பு கிடைக்கும். அதற்குப் பதிலாக மதிய உணவு இடைவேளையில் வராந்தாவில் ஒரு தட்டு நிறையக் கல்லும் ஒரு லென்ஸும் ஒரு காந்தமும் வைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். யார் வந்து கையில் எடுக்கிறார்களோ, மணி அடித்த பிறகும் யார் நிற்கிறார்களோ, அவர்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கடைசி பெஞ்ச் ஆட்கள் நிறைய வருவார்கள்.

பெண்பிள்ளைகளைச் சேர்க்க, பிள்ளையிடம் கேட்பதற்கு முன் அம்மாவிடம் பேசுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம், கூட எந்த அக்கா வருவார், அங்கே கழிப்பறை இருக்கிறதா: இந்த மூன்று கேள்விக்கும் பதில் தயாராக இருந்தால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணென்றால் தங்கையையும் அழைத்துவரச் சொல்லுங்கள். திட்டத்தில் இல்லாத ஆறு வயதுக் குழந்தை ஒன்று கூட வந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

ஒரு சின்ன விஷயம்: பேனரில், வாட்ஸ்அப் குழுப் பெயரில், நன்கொடை கேட்கும் கடிதத்தில் 'ஏழைப் பிள்ளைகளுக்கு' என்று போடாதீர்கள். பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். 'கல் குழு' என்று வையுங்கள், போதும்.

2. காகித வேலை

அருங்காட்சியகத்துக்கு இயக்குநர் பெயருக்கு ஒரு கடிதம்: எந்தெந்தத் தேதி, எத்தனை பேர், எந்தப் பள்ளி, நுழைவுக் கட்டணத்தில் சலுகை உண்டா, நிலவியல் பிரிவுக் காப்பாட்சியர் அரை மணி நேரம் பேச முடியுமா. கடிதத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் நேரில் போய்ப் பாருங்கள். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதும். சனிக்கிழமை காலைதான் நமக்கு ஏற்றது.

பள்ளி வழியாகப் போனால் தலைமையாசிரியர் அனுமதியோடு கல்வி அலுவலர் அனுமதியும் தேவைப்படும். விடுதி என்றால் காப்பாளரிடம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருமுறை பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெற்றோர் சம்மதப் படிவத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை உண்டா என்று கேட்க மறக்க வேண்டாம்.

பாதுகாப்பில் சமரசம் கிடையாது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர், அதில் ஒருவர் பெண். போக்சோ சட்டம் பற்றித் தன்னார்வலர் எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். படம் எடுத்தால் முகம், பெயர், பள்ளி மூன்றையும் சேர்த்து எங்கும் போடாதீர்கள்.

3. முதலில் நீங்கள் தனியாகப் போங்கள்

கூடம் திறந்திருக்கிறதா, பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மின்விசிறி ஓடுகிறதா, எங்கே தரையில் உட்காரலாம், தண்ணீர் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஐந்து பொருளைத் தேர்ந்தெடுங்கள். நூறு கல்லில் ஐந்து போதுமா என்று தோன்றும். போதும். ஒவ்வொன்றும் பிள்ளைகளின் வாழ்க்கையில் ஏதாவது ஒன்றைத் தொட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். நான் சொல்கிற வரிசை இது. அன்றைக்கு எது காட்சியில் இருக்கிறதோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சார்னோகைட். அரியலூர்ப் பக்கத்து அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம்). கல்லாய் மாறிய மரம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த கற்கருவிகள் (இது நிலவியல் கூடத்தில் இருக்காது, தொல்பழங்காலப் பிரிவில் தேடுங்கள்). ஐந்தாவதைப் பிள்ளைகள் தேர்வுக்கே விட்டுவிடுங்கள்.

இதில் சார்னோகைட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கல் கிடையாது. பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம் குன்றுகள் இந்தக் கல்தான். நிலத்துக்கடியில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், பயங்கரமான வெப்பத்தில் உருவான பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறையை மூடியிருந்த கல்லும் சென்னைக் குன்றுகளின் கல்லும் ஒரே இனம் என்று நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் கண்டு, 1893-இல் சார்னோக்கின் பெயரையே இந்தப் பாறை வகைக்கு வைத்தார். இன்று உலகில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான்.

இதைவிடப் பிள்ளைகளுக்கு ஒட்டுகிற விஷயம் வேறு. ரோட்டுக்கும் வீட்டுக்கும் கொட்டுகிற புளூ மெட்டல் ஜல்லி இருக்கிறதே, சென்னையைச் சுற்றி அது பெரும்பாலும் இந்தக் கல்தான். சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா தலையில் சுமந்த கல். ஜல்லி லாரி ஓட்டுகிற மாமா ஏற்றி இறக்கிய கல். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பெயர்ச்சீட்டோடு உட்கார்ந்திருப்பதும் வீட்டு வாசலில் குவிந்து கிடப்பதும் ஒன்றே என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிற இடம்தான் இந்த ஆறு வாரத்தின் அச்சாணி. அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

4. முதல் வகுப்பு அவர்கள் தெருவில்

முதல் சனிக்கிழமை அருங்காட்சியகம் வேண்டாம். பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். முந்தின வாரமே சொல்லி வையுங்கள்: வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் மூன்று கல் அல்லது கல்லிலிருந்து வந்த பொருள் கொண்டுவர வேண்டும்.

என்னவெல்லாம் வரும் பாருங்கள். ஜல்லி, செங்கல் துண்டு, டைல்ஸ் உடைசல், கடப்பாக் கல், கோலமாவு, கல் உப்பு, சிலேட்டுக் குச்சி, பென்சில், பாட்டி வீட்டுக் கல்சட்டியின் உடைந்த விளிம்பு, கடற்கரை மணல். யாராவது ஒருவன் கான்கிரீட் துண்டைக் கொண்டுவந்து இதுவும் கல்தானே என்று நிற்பான். நல்ல கேள்வி. செங்கல் கல்லா? கான்கிரீட் கல்லா? அரை மணி நேரம் அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

பிறகு சோதனை. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸ் நான்கைந்து, ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம், இரும்பு ஆணி, கண்ணாடித் துண்டு (விளிம்பில் டேப் ஒட்டியது), பளபளப்பில்லாத டைல்ஸின் பின்பக்கம், வினிகர்.

கடினத்தன்மை: நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா? கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவில் நகம் சுமார் 2.5. சிலேட்டுக் குச்சியும் கல்சட்டியும் மாக்கல் என்பதால் நகத்துக்கே இறங்கிக் கொடுக்கும். ஆணியும் கண்ணாடியும் 5-க்குச் சற்று மேலே. வெங்கச்சங்கல் எனப்படும் வெள்ளைக் குவார்ட்ஸ் 7, அது கண்ணாடியையே கீறிவிடும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கீறுவார்கள்.

நுரை: கோலமாவில் நான்கு சொட்டு வினிகர் விடுங்கள். சில வீட்டு மாவு பொங்கும், சிலது பொங்காது. பொங்கினால் அதில் சுண்ணாம்புச் சத்துள்ள கல் இருக்கிறது; பொங்காவிட்டால் குவார்ட்ஸாகவோ வேறாகவோ இருக்கலாம். சிப்பி ஓட்டிலும் முட்டை ஓட்டிலும் விட்டுப் பாருங்கள். சிப்பியும் பொங்குகிறது, சுண்ணாம்புக்கல்லும் பொங்குகிறது என்றால் இரண்டுக்கும் என்ன உறவு? இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். அரியலூர் வரும்போது அது உதவும்.

காந்தம்: கடற்கரை மணலில் கறுப்பாகக் கோடு கோடாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அதில் ஓட்டினால் கறுப்பு மணிகள் ஒட்டிக்கொள்ளும். மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் சட்டென்று ஒட்டும், இல்மனைட் என்ற இன்னொரு கனிமம் தயங்கும். பையில் சுற்றாமல் ஓட்டினால் அந்தத் தூளைக் காந்தத்திலிருந்து எடுக்கவே முடியாது, சொல்லிவிட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிவப்பாகக் கார்னெட் மணிகளும் தெரியும். எங்கோ மலையில் இருந்த கல் ஆறு வழியாகக் கடலுக்குப் போய், எடை குறைந்ததை அலை அடித்துக்கொண்டு போக, கனமானது கரையில் தங்கிவிட்டது.

ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு கொடுங்கள். கல்லை வரைவது, எங்கே கிடைத்தது, சோதனையில் என்ன நடந்தது, என் கேள்வி என்ன. எழுத்துப்பிழை திருத்த வேண்டாம்.

5. காலத்தைக் கயிற்றில் கட்டுதல்

கோடி ஆண்டு என்றால் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, நமக்கே பிடிபடாது. ஒரு நைலான் கயிறு 46 மீட்டர் வாங்குங்கள். பூமியின் வயது 460 கோடி ஆண்டு. அப்படியானால் ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம். மைதானத்தில் நீட்டிப் பிடித்து, ஒரு முனையை இன்று என்று வைத்துக்கொண்டு துணி கிளிப் மாட்டச் சொல்லுங்கள்.

சார்னோகைட் 25 மீட்டரில் நிற்கும், கயிற்றில் பாதிக்கும் மேலே. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டு முன்பு. அது 66 சென்டிமீட்டர். திருவக்கரைக் கல்மரம் இரண்டு கோடி ஆண்டு, இருபது சென்டிமீட்டர். சென்னைக்குப் பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த பழைய கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டு என்கிறார்கள், அது ஒன்றரை சென்டிமீட்டர். நம் மனித இனம் மூன்று லட்சம் ஆண்டு, மூன்று மில்லிமீட்டர். ராஜராஜ சோழன் எங்கே என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ஆயிரம் ஆண்டு இந்தக் கயிற்றில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, கிளிப் மாட்ட இடமே கிடையாது. கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள். கணக்குப் பாடம் பிடிக்காது என்றவர்களும் போடுவார்கள்.

6. அருங்காட்சியக நாள்

முதல் வருகை இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள். முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான்; பள்ளி இல்லாத சனிக்கிழமை மதிய உணவும் இல்லை. எட்டாவது படிக்கிற பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து நிற்கும், கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல்லும். இட்லிப் பொட்டலம் கொடுத்துச் சாப்பிட வைத்த பிறகு உள்ளே போங்கள். பெண்பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. பையன்களின் இலவச பாஸ் பள்ளிப் பாதைக்கு உரியது என்பதால் நடத்துநர் கேட்கக்கூடும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கும் பாதுகாவலரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளைகள் மால், பெரிய கடை, அலுவலகம் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது "ஏய், இங்க என்ன வேலை?" என்ற அதட்டல்தான். அருங்காட்சியகத்திலும் அதே அதட்டல் கேட்டால் அதோடு முடிந்தது. அதனால் முன்கூட்டியே பாதுகாவலர்களைப் பார்த்து, "ஆறு வாரம் வருவாங்க சார், கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று பேசிவிடுங்கள். பிள்ளைகளிடமும் அவர்களை அறிமுகப்படுத்துங்கள். இரண்டாம் வாரமே அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள்.

உள்ளே போனதும் பேசாதீர்கள். பத்து நிமிடம் சும்மா சுற்றட்டும். திமிங்கிலத்தையும் பார்த்துவிட்டு வரட்டும், இல்லாவிட்டால் மனசு அங்கேயே இருக்கும். பிறகு ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு பொருள். முதல் ஐந்து நிமிடம் பெயர்ச்சீட்டைப் படிக்கக் கூடாது. பார்த்து வரைய வேண்டும். நிறம் என்ன, மினுக்குகிறதா, வரி இருக்கிறதா, கடினமாக இருக்குமா, நம் தெருக் கல்லில் எதைப் போல இருக்கிறது? ஒவ்வொருவர் பையிலும் ஒரு ஜல்லிக்கல் இருக்கட்டும் (நுழைவாயிலிலேயே சொல்லிக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியே வரும்போது வம்பு). சார்னோகைட் அலமாரி முன்னால் யாராவது அந்த ஜல்லியை வெளியே எடுப்பார்கள். அதுவரை காத்திருங்கள்.

பெயர்ச்சீட்டுகளில் பாதி புரியாது. ஆங்கிலமாக இருக்கும், இல்லையென்றால் தமிழிலேயே கடுந்தமிழாக இருக்கும். புரியாத சீட்டுகளைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். கடைசி வேலைக்கு அது வேண்டும்.

காப்பாட்சியர் வந்தால் உரை நிகழ்த்தச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், அவர் பதில் சொல்லட்டும். 'நீங்க எப்படி சார் இந்த வேலைக்கு வந்தீங்க' என்பது எப்போதும் நல்ல முதல் கேள்வி. காட்சியில் இல்லாமல் உள்ளே அடுக்கி வைத்திருக்கும் கற்களில் ஒன்றிரண்டைத் தொட்டுப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் அதிர்ஷ்டம்.

7. வெளியே ஒரு நாள்

சென்னைக் குழுவுக்கு முதலில் பரங்கிமலை போதும். ரயிலில் போய், படியேறி, காலடியில் இருக்கிற பாறையை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, மேலேயிருந்து விமான நிலையத்தையும் சுற்றிலும் தெரிகிற குன்றுகளையும் காட்டுங்கள். பல்லாவரம் கண்ணில் படும். அங்கேதான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவர் தொல்லியலாளர் அல்ல, நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். சரளை மண்ணைப் பார்க்கப் போன இடத்தில் மனிதன் செதுக்கிய கல்லை அடையாளம் கண்டார். பின்னால் 1904-இல் அவருடைய சேகரிப்பு எழும்பூருக்கு வந்தது. முந்தின வாரம் அலமாரியில் வரைந்த கல்லைப் பற்றி இங்கே நின்று பேசினால் எடுபடும். ஒரே எச்சரிக்கை: அந்தப் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகள் இருக்கின்றன. ஆழம் தெரியாது. கிட்டேயே போகக் கூடாது.

வண்டிக்குப் பணம் கிடைத்தால் திருவக்கரை. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் போகலாம். நிலவியல் ஆய்வுத் துறை பராமரிக்கிற தேசிய கல்மரப் பூங்கா. சுமார் 247 ஏக்கர். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-லேயே இந்த மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடக்கிற தண்டுகளைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவ்வளவு பெரிய மரங்களில் வேர் எங்கே, கிளை எங்கே, பட்டை எங்கே? கொஞ்ச நேரத்தில் யாராவது வெள்ளம் என்பார்கள். 2015 வெள்ளத்தில் மரம் அடித்துக்கொண்டு போனதை வீட்டில் பேசிக் கேட்ட பிள்ளைகளுக்கு அது கஷ்டமான ஊகம் அல்ல. வேறெங்கோ வளர்ந்த மரங்கள் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தன. காற்று புகாததால் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது என்பதைப் பஸ் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளை வைத்து நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் பதிவு செய்தது, வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறார்கள். வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. காரை கிராமத்துச் செம்மண் பள்ளங்களில் நடந்தால் காலடியில் கடல் உயிர்களின் மிச்சம். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் போகிற லாரியைத் தினமும் பார்க்கிற பிள்ளையிடம் அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சிப்பியில் வினிகர் பொங்கிய அந்தப் பழைய கேள்வி இங்கேதான் முடிச்சு அவிழும்: இங்கே கடல் இருந்தது. சுரங்கங்களுக்குள் மட்டும் ஆலை நிர்வாக அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள்.

8. டைனோசர் முட்டை வந்தால்

கட்டாயம் வரும். யாராவது ஒருவர் போனில் வீடியோ காட்டுவார். அதற்கு ஒரு நல்ல பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவியது. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகி உருண்டையான கற்கள் என்று சொன்னார்கள். இதில் பிள்ளைகளைக் கேட்க வேண்டியது: முட்டை என்றால் என்ன தெரிய வேண்டும்? ஓடு இருக்க வேண்டாமா? உடைத்தால் உள்ளே என்ன இருந்தது? அந்த மண் அடுக்கு கடலா, தரையா? செய்தியை நம்பியவர்களைக் கிண்டல் செய்ய வேண்டாம். பிள்ளைகளின் வீட்டிலும் அதை நம்பியிருப்பார்கள். அதே மாதிரி சாளக்கிராமம் பற்றிப் பேச்சு வந்தால், நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் அம்மோனைட் கல் அது என்று சொல்லலாம். பூஜை அறையில் வைத்திருப்பவரோடு வாதம் செய்யத் தேவையில்லை.

9. பிள்ளைகளுக்கு ஒரு வேலை

ஐந்தாவது, ஆறாவது வாரம் இதற்குத்தான். இது இல்லாவிட்டால் முன்னால் செய்ததெல்லாம் டியூஷன் மாதிரி ஆகிவிடும்.

வேலை மூன்று வகை. ஒன்று, புரியாத பெயர்ச்சீட்டுகளைத் தங்கள் தமிழில் திருப்பி எழுதுவது. ஐந்து வரிக்குள், எட்டாவது படிக்கிறவருக்குப் புரிகிற மாதிரி, 'இதை நீங்கள் எங்கே பார்த்திருப்பீர்கள்' என்ற ஒரு வரியோடு. தகவலைக் காப்பாட்சியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட அருங்காட்சியகம் அனுமதிக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் அட்டையில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

இரண்டு, வழிகாட்டி வேலை. கடைசிச் சனிக்கிழமை அப்பா, அம்மா, பாட்டி, தம்பி எல்லோரையும் அழைத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளுக்குப் பொறுப்பு. மூன்று நிமிடம் பேச வேண்டும். கூச்சப்படுகிற பிள்ளைக்கு லென்ஸ் பிடித்துக் காட்டுகிற வேலை கொடுங்கள். எழும்பூர் நிலையத்தில் எத்தனையோ முறை ரயில் ஏறியும் இந்த வளாகத்துக்குள் கால் வைக்காத பெற்றோர் உண்டு. கட்டட வேலை செய்கிற அப்பா கல்லைப் பற்றித் தன் மகளுக்குத் தெரியாத சில விஷயம் சொல்லுவார், எந்தக் கல் எப்படி உடையும் என்று. அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மே 18 உலக அருங்காட்சியக நாள், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். இதையொட்டி வைத்தால் அருங்காட்சியகமும் ஆர்வம் காட்டும்.

மூன்று, பள்ளியில் ஒரு கல் அலமாரி. பழைய பீரோ போதும். கல், கிடைத்த இடம், தேதி, கண்டெடுத்தவர் பெயர். இந்த விவரங்களில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கல் அலமாரிக்குள் போகக் கூடாது என்பது விதி. 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் தன் பெயர் இருப்பதைக் காட்ட, வேறு வகுப்புப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

10. பணமும் பிறகும்

பெரிய செலவு இரண்டுதான்: சாப்பாடு, வெளியூர் வண்டி. லென்ஸ், கயிறு, நோட்டு எல்லாம் ஒருமுறை வாங்கினால் அடுத்த குழுவுக்கும் ஆகும். பணம் குறைந்தால் வண்டியை விடுங்கள், சாப்பாட்டை விடாதீர்கள்.

இடையில் சிலர் நின்றுவிடுவார்கள். வேலைக்குப் போயிருப்பார்கள், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும், வயதுக்கு வந்த பெண்ணை அனுப்ப மறுத்திருப்பார்கள். வீட்டுக்குப் போய் ஒருமுறை பாருங்கள். அடுத்த வாரம் வந்தால் ஏன் வரவில்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

இது படிப்பாகுமா என்று பெற்றோர் கேட்பார்கள். பதில் தெரிந்து வைத்திருங்கள். பன்னிரண்டாவதில் அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் நிலவியல் இளங்கலை படிக்கலாம். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி ஆகியவற்றில் அந்தத் துறை உண்டு. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. முதுகலை முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு எழுதி நிலவியல் ஆய்வுத் துறைக்கே போகலாம். மாநில அளவில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி நிலவியலாளர் பணியும் உண்டு. அந்தக் கல்லூரிகளில் இப்போது படிக்கிற ஓர் அக்காவையோ அண்ணனையோ கடைசி வாரம் கூப்பிட்டுவிடுங்கள், அதிலும் அரசுப் பள்ளியில் படித்து வந்தவராக இருந்தால் நல்லது. பிள்ளைகள் அவரிடம் கேட்பது பாறையைப் பற்றி இருக்காது. ஹாஸ்டல் கட்டணம், இங்கிலீஷ் எப்படிச் சமாளிச்சீங்க, களப்பணிக்குப் பெண்களை அனுப்புவாங்களா என்றுதான் கேட்பார்கள். அதற்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கி வையுங்கள்.